தலைவர் முகம் தீட்டிய பழைய அமெரிக்க நாற்காலி: முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஏலத்தில் 1,200 டாலருக்கு ஒரு நாற்காலி எடுத்தேன். கறுப்பு வண்ணம், கடைசல் கால்கள், கோரை இருக்கை. சாய்மானத்தின் மேற்பலகையில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் முகம், பக்கத்தில் ஒரு மரக்கட்டை வீடு. 1840 அதிபர் தேர்தலில் அவர் தரப்பு ஊரெல்லாம் காட்டிய அதே சின்னம். வீட்டுக்கு வந்த எட்டாவது நாள் இரவு, மேசை விளக்கைப் படுக்கவைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பார்த்தேன். ஹாரிசனின் கன்னத்துக்கு அடியிலிருந்து ஒரு பேரிக்காயின் வடிவம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அதை ஒட்டி ஒரு திராட்சைக் கொத்து. இன்னும் கொஞ்சம் விளக்கை நகர்த்தியதும் பழக்கூடை முழுதாகவே வந்துவிட்டது.

நாற்காலி 1830களைச் சேர்ந்ததுதான். அதில் பொய் இல்லை. பழக்கூடைக்கு மேல் முகத்தை வரைந்தது மட்டும் நூறு வருடத்துக்கு அப்புறம். பழக்கூடையோடு இருந்திருந்தால் அந்த நாற்காலி 150 டாலர் போகும்; முகத்துக்காகத்தான் மீதி ஆயிரத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு கற்றுக்கொண்டு அடுத்த நாற்காலியைச் சரியாக வாங்கினேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு இப்படி ஒன்றை முதல்முறையாக வாங்க நினைப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: நாற்காலிக்கு ஒரு வயது, படத்துக்கு ஒரு வயது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், தனித்தனியாகப் பார்க்க வேண்டும், தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.

1. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் மூன்று வகை வரும். நாற்காலியும் படமும் ஒரே காலத்தில், அதாவது 1800 முதல் 1850 வரைக்குள் செய்யப்பட்டவை முதல் வகை. இது அரிது, விலையும் அதிகம். பழைய நாற்காலியின் மேல் பிற்காலத்தில் முகம் வரைந்தவை இரண்டாவது வகை. மூன்றாவது, மொத்தமாகவே 20ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் செய்தவை.

இரண்டாவது வகை எல்லாமே ஏமாற்றுவதற்காகச் செய்தது என்று நினைக்க வேண்டாம். எஸ்தர் ஸ்டீவன்ஸ் பிரேசர் என்ற ஆய்வாளர் பழைய அமெரிக்க அலங்கார ஓவிய முறைகளைத் தேடி எடுத்துப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். 1945இல் அவர் மறைந்த பிறகு மாணவர்கள் அவர் பெயரில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் தேய்ந்துபோன பழைய நாற்காலியை எடுத்து, பழைய முறையிலேயே புதுப்பிப்பதைப் பலர் ஆசையாகச் செய்தார்கள். கைத்திறன் உயர்ந்தது, எண்ணமும் நல்லது. ஆனால் 80 வருடம் கழித்து அது கைமாறும்போது யார், எப்போது வரைந்தார்கள் என்ற தகவல் கூடவே வருவதில்லை.

மூன்றாவது வகையில் அடிக்கடி சிக்குவது ஹிட்ச்காக் நாற்காலி. லாம்பர்ட் ஹிட்ச்காக் கனெக்டிகட்டில், இன்று ரிவர்டன் எனப்படும் ஊரில், 1820களில் தொழிற்சாலை வைத்து இந்த மாதிரி நாற்காலிகளை ஆயிரக்கணக்கில் செய்தார். இருக்கையின் பின்விளிம்பில் அவர் பெயரும் ஊரும் துளையிட்ட அச்சுத்தகடு (ஸ்டென்சில்) வைத்துப் பதித்திருக்கும். அதே ஊரில் 1946இல் அந்தப் பெயரை மறுபடி எடுத்துத் தொடங்கிய நிறுவனம் 2006 வரை நடந்தது. அவர்களும் அதே மாதிரி பெயரைப் பதித்தார்கள். ஆகவே பெயர் இருப்பதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

உட்கார்ந்து பார்க்க அழகான ஒன்று போதும் என்றால் மூன்றாவது வகையைத் தயங்காமல் வாங்கலாம். 100 டாலருக்குள்கூடக் கிடைக்கும். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி முதல் வகையைத் தேடுபவர்களுக்கு.

2. கருவிகளுக்கு 70 டாலர் ஒதுக்குங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சாதாரண டார்ச், வெர்னியர் காலிப்பர், டேப். இவ்வளவுதான். புற ஊதா டார்ச் வாங்கும்போது 395 என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும், ஒன்றும் தெரியாது. நான் முதலில் அதைத்தான் வாங்கினேன்.

3. எங்கே, எப்போது தேடுவது

மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் திறந்தவெளிச் சந்தை வருடத்துக்கு மூன்று முறை, மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் நடக்கும். பென்சில்வேனியாவில் ஆடம்ஸ்டவுன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சந்தை உண்டு. சாலை முழுக்கப் பழம்பொருள் கடைகள். ஏலம் என்றால் பென்சில்வேனியாவிலேயே டவுனிங்டவுனில் உள்ள பூக் அண்ட் பூக் பழைய அமெரிக்க மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்றது. அரசியல் நினைவுப் பொருள்களுக்கு ஹேக்ஸ் என்ற ஏல நிறுவனம். எதையும் வாங்காமல் இரண்டு ஏலங்களின் முன்காட்சிக்கு, அதாவது ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க விடும் நாளுக்கு, போய் வாருங்கள். நுழைவு இலவசம், நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்க்க அனுமதிப்பார்கள். நூறு படம் திரையில் பார்ப்பதைவிட பத்து நாற்காலியைக் கையால் கவிழ்த்துப் பார்ப்பது உதவும்.

ஒரு நல்ல நாற்காலியைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டாவது முறை ஏழு மாதம் ஆனது. இந்த மாதமே வேண்டும் என்று இறங்கினால் தவறான ஒன்றைத்தான் எடுப்பீர்கள்.

4. விளம்பர வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஏலப் பட்டியலில் இருந்த வரியின் பொருள் இது: “19ஆம் நூற்றாண்டு வண்ண நாற்காலி, ஹாரிசன் உருவப்பட அலங்காரத்துடன்.” திரும்பப் படியுங்கள். 19ஆம் நூற்றாண்டு என்பது நாற்காலியோடு நின்றுவிட்டது. படம் எப்போது வந்தது என்று அந்த வரி சொல்லவே இல்லை. சொல்கிறது என்று நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

“ஒரிஜினல் சர்ஃபேஸ்” என்றால் முதலில் பூசிய வண்ணம் அப்படியே இருக்கிறது என்று பொருள். “ஓல்ட் சர்ஃபேஸ்” என்றால் வண்ணம் பழையது, அவ்வளவுதான். அது முதல் வண்ணமாக இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஆயிரம் டாலர் இருக்கிறது. “அட்ரிபியூட்டட்” என்றால் இன்னார் செய்திருக்கலாம் என்ற கருத்து. “இன் தி ஸ்டைல் ஆஃப்” என்றால் அந்தப் பாணியில் பிற்காலத்தில் செய்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். “லேட்டர் டெகரேட்டட்” என்று வெளிப்படையாக எழுதும் விற்பனையாளரைக் கண்டால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அவரிடம் அடுத்த முறை நம்பிப் போகலாம்.

5. ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே கண்டிஷன் ரிப்போர்ட் கேளுங்கள்

பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று ஏல நிறுவனம் எழுதித் தரும் குறிப்பு அது. பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் கடைசி இரண்டு நாளில் கேட்டால் பதில் வராமலே போகும். மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் வந்த பதிலுக்குத்தான் பின்னால் மதிப்பு. நான் இப்போது அனுப்பும் கேள்விகள்:

நாற்காலியின் காலம் என்ன, மேற்பலகைப் படத்தின் காலம் என்ன, தனித்தனியாகச் சொல்ல முடியுமா?
படத்தின் மேல் மறுபூச்சு உண்டா? புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தீர்களா?
மேற்பலகையை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?
இருக்கையின் அடிப்பக்கம், கால் நுனிகள், முதுகுப்பக்கம் ஆகியவற்றின் படங்கள் வேண்டும்.
கோரை அல்லது பிரம்புப் பின்னல் எப்போது மாற்றப்பட்டது?
இதற்கு முன் யாரிடம் இருந்தது, அதற்குக் காகிதம் உண்டா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் இருந்திருந்தால் பேரிக்காயை நான் முன்னாலேயே பார்த்திருப்பேன்.

6. நேரில் போய்ப் பாருங்கள்: முதலில் மரம்

முகத்தைப் பார்க்காதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு அடியிலிருந்து தொடங்குங்கள்.

கடைசல் காலின் தடிமனை ஒரே இடத்தில் இரண்டு திசையில் காலிப்பரால் அளந்து பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கே சமமாகச் சுருங்காது. அதனால் வட்டமாகக் கடைந்த கால் 150, 200 வருடத்தில் லேசாக நீள்வட்டமாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் நல்ல அறிகுறி. எல்லா இடத்திலும் மயிரிழை பிசகாத வட்டம் என்றால் சந்தேகப்படுங்கள்.

முன்னங்கால்களுக்கு நடுவே ஓடும் குறுக்குக் கட்டையில் குதிகால் வைத்துத் தேய்ந்த பள்ளம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, உப்புத்தாளால் தேய்த்தது போல இருந்தால் அது செயற்கை. உண்மையான தேய்மானம் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். பலகை இருக்கை என்றால் அடியில் ரம்பத் தடம் பாருங்கள்: நேர்க்கோடுகள் பழைய முறை, வளைந்த வட்டக் கோடுகள் வட்ட ரம்பத்தால் வந்தவை, 1830களுக்கு முந்தைய நாற்காலி என்று சொல்லப்படுவதில் அவை இருந்தால் காரணம் கேளுங்கள். எங்காவது திருகாணி இருந்து, அதைக் கழற்றிக் காட்ட அவர்கள் சம்மதித்தால், நுனியைப் பாருங்கள். இயந்திரத்தில் செய்த கூர்நுனித் திருகாணி 1846க்குப் பிறகுதான் வந்தது. தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் 1930களுக்குப் பிறகு. ஒரு திருகாணி பழுது பார்த்ததாகவும் இருக்கலாம், அதற்காகவே நிராகரிக்க வேண்டாம்.

கோரை இருக்கை மாற்றப்பட்டிருப்பது குற்றமில்லை. நம் கோரைப்பாய் போலத்தான், உட்கார உட்கார அறுந்துபோகும். 190 வருடம் அதே கோரை தாங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

7. அடுத்து வண்ணம்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பணம் இருப்பது இங்கேதான்.

பல நாற்காலிகளில் முதலில் சிவப்பு பூசி, அதன் மேல் கறுப்பைக் கோடு கோடாக இழுத்திருப்பார்கள். ஈட்டி மரத்தில் செய்தது போலக் காட்டுவதற்காக. கறுப்பு தேய்ந்த இடத்தில் அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். அதன் மேல் அச்சுத்தகடு வைத்து உலோகப் பொடி தூவிப் பழம், இலை, பூ. அந்தப் பொடி வருடங்களில் மங்கிப் பழுப்பாகிவிடும். பளபளவென்று மஞ்சள் தங்கமாக மின்னினால் அது பிற்காலப் பூச்சு.

இப்போது லூப்பை எடுத்து, முகத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோ ஒரு தழும்பைத் தேடுங்கள். எங்கோ இடிபட்ட சிறு குழி அல்லது கீறல். எந்தப் பழைய நாற்காலியிலும் இருக்கும். குழி முதலில் வந்ததா, வண்ணம் முதலில் வந்ததா என்பதுதான் கேள்வி. வண்ணத்துக்குப் பிறகு இடிபட்டிருந்தால் குழியின் விளிம்பில் வண்ணம் உடைந்திருக்கும், உள்ளே மரமோ அழுக்கோ தெரியும். என் ஹாரிசனின் கோட்டில், இடது தோளுக்கு அருகில், அரிசி அளவு குழி ஒன்று இருந்தது. கறுப்பு வண்ணம் அதன் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கி, அடியில் சின்னக் குளம் போலத் தேங்கி உறைந்திருந்தது. அதாவது வரைந்தவர் தூரிகையை எடுத்தபோதே அந்தக் குழி அங்கே இருந்திருக்கிறது. ஒரு நாற்காலி அப்படி இடிபட எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்தால் மீதி புரிந்துவிடும். அந்தக் குழி முன்காட்சி நாளிலும் அங்கேதான் இருந்தது. நான் லூப் கொண்டுபோகவில்லை.

வெடிப்புகளையும் பாருங்கள். முகத்தில் உள்ள வெடிப்பு அடிவண்ணத்தின் வெடிப்போடு சேர்ந்து ஓட வேண்டும். பின்னணி முழுக்க வெடித்திருக்க முகம் மட்டும் வழவழவென்று இருந்தாலோ, மீன் செதில் போல ஒரே அளவில் வெடித்திருந்தாலோ நின்று யோசியுங்கள். முதுகும் தோளும் படும் மேல்விளிம்பில் கறுப்பு தேய்ந்திருக்கிறது, அதை ஒட்டிய படம் தேயவில்லை என்றாலும் அப்படியே.

பிறகு விளக்கை அணைக்கச் சொல்லிப் புற ஊதா டார்ச். பழைய ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஆரஞ்சு நிறத்திலும், பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளிலும் ஒளிரும். அதன் மேல் புதிதாகப் பூசிய இடங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும். சிறிய திட்டுகள் என்றால் பழுதுபார்ப்பு. முகம் மொத்தமும் கருந்திட்டு என்றால் பதில் கிடைத்துவிட்டது. முகத்தின் மேலேயே தடித்த வார்னிஷ் இருந்தால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். அப்போது இந்தச் சோதனையை நம்ப முடியாது.

கடைசி வழி ஒன்று இருக்கிறது. வெள்ளை வண்ணத்தில் டைட்டானியம் இருக்கிறதா என்று கன்சர்வேட்டர்கள் (பழம்பொருள்களைப் பாதுகாத்துச் சீர்செய்பவர்கள்) எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால், துளி வண்ணம்கூடச் சுரண்டாமல், சொல்லிவிடுவார்கள். டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. ஹாரிசனின் கழுத்துத் துணி வெள்ளையில் அது இருந்தது. எனக்கு ஆன செலவு 225 டாலர்; இரண்டாயிரத்துக்கு மேல் போகும் நாற்காலி என்றால் வாங்கும் முன்பே செய்வது நல்லது. நீங்களாக ஆல்கஹாலோ அசிட்டோனோ பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். பழைய ஷெல்லாக்கும் அதில் கரையும், முன்காட்சியில் செய்தால் நாற்காலியை உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

8. முகத்துக்குத் தேதி போடுங்கள்

நாற்காலி ஓவியர்கள் தலைவரை எதிரில் உட்காரவைத்து வரைவதில்லை. அச்சுப் படத்தைப் பார்த்து வரைவார்கள். அந்த அச்சுப் படத்தைக் கண்டுபிடித்தால், அது வெளிவந்த வருடத்துக்கு முன் இந்த முகம் வந்திருக்க முடியாது என்பது உறுதி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் தலைவர் பெயரைத் தேடினால் பழைய அச்சுகள் இலவசமாகக் கிடைக்கும். முகம் திரும்பியிருக்கும் திசை, கோட்டுப் பொத்தான், தலைமுடி என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

லஃபாயெட் (அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி) என்றால் அவர் அமெரிக்காவைச் சுற்றிய 1824, 1825 பயணத்தை ஒட்டி நினைவுப் பொருள்கள் குவிந்தன. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் என்றால் 1828, 1832 தேர்தல்கள். ஹாரிசன் என்றால் 1840 தேர்தல்; 1841 மார்ச் 4 பதவியேற்று ஏப்ரல் 4 இறந்துவிட்டார் என்பதால் அவருக்கான காலம் மிகச் சிறியது. லிங்கன் படம் போட்டு “1860 தேர்தல் நாற்காலி” என்று சொன்னால் தாடியைப் பாருங்கள். அந்தத் தேர்தலை அவர் தாடியில்லாமல்தான் சந்தித்தார். அது முடிகிற சமயத்தில்தான் வளர்க்க ஆரம்பித்தார்.

வாஷிங்டனிடம் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 1832இல் அவர் பிறந்த நூற்றாண்டு, 1876இல் நாட்டின் நூற்றாண்டு, 1932இல் அவர் பிறந்த 200ஆம் ஆண்டு, 1976இல் நாட்டின் 200ஆம் ஆண்டு. ஒவ்வொன்றிலும் அவர் முகம் போட்ட பொருள்கள் நிறைய வந்தன. பெரும்பாலானவை கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்த, டாலர் நோட்டில் நாம் பார்க்கும், அதே முகத்தையே பின்பற்றியதால் முகத்தை வைத்து வருடம் சொல்வது கடினம். வாஷிங்டன் என்றால் ஏழாவது படியை இரண்டு முறை செய்யுங்கள்.

சில முகங்கள் தூரிகையில் வரைந்தவை அல்ல, காகிதத்திலிருந்து அச்சை மாற்றி ஒட்டியவை. அது பழைய முறைதான். லூப்பில் செதுக்குக் கோடுகள் தெரிந்தால் சரி. செய்தித்தாள் படம் போல வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் 1880களுக்குப் பிந்தைய அச்சு.

9. கையைத் தூக்கும் முன் கணக்குப் போடுங்கள்

சுத்தியல் தட்டிய விலை நீங்கள் கொடுக்கும் விலை ஆகாது. என் கணக்கு இப்படி வந்தது:

ஏலத்தொகை 1,200 டாலர்.
பையர்ஸ் பிரீமியம் (ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வாங்கும் கட்டணம்) 28 சதவீதம், 336 டாலர். நேரில் போயிருந்தால் 23 சதவீதம்தான். இணையத் தளம் வழியாக எடுத்ததால் கூடுதல்.
நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், பிரீமியம் சேர்ந்த தொகைக்கு, 101.76 டாலர்.
வண்டிச் செலவு 240 டாலர்.
மொத்தம் 1,877.76 டாலர்.

தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் பட்ஜெட் 1,000 டாலர் என்றால், வண்டிக்கு 240 கழித்து, மீதி 760ஐ 1.365ஆல் (பிரீமியமும் வரியும் சேர்த்து, 1.28 பெருக்கல் 1.06625) வகுத்தால் சுமார் 557 வரும். 550இல் கையை இறக்கிவிட வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏலம் ஓடும்போது மனசு கணக்குப் போடாது. வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கனெக்டிகட் 6.35, பென்சில்வேனியா 6, நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் நீங்களே போய் எடுத்தால்தான் இன்வாய்ஸில் வரி வராது. வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் மாநில வரி வந்துவிடும்.

10. காகிதங்கள்

இன்வாய்ஸில் “பழைய நாற்காலி ஒன்று” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கடையிலோ சந்தையிலோ வாங்கும்போது இந்த வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திடக் கேளுங்கள்: நாற்காலி இன்ன காலம், மேற்பலகை உருவப்படம் இன்ன காலம், மறுபூச்சு உண்டு அல்லது இல்லை. விற்பவர் எழுதிக் கொடுத்த விவரம் சட்டப்படி ஓர் உத்தரவாதம். பொய்யானால் பெரும்பாலான மாநிலங்களில் வாங்கிய நாளிலிருந்து 4 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வாயால் சொல்பவர் எழுதத் தயங்கினால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது.

ஏலத்தில் நிலைமை வேறு. பொதுவாக எல்லாமே “இருக்கிற நிலையில்” என்ற நிபந்தனையோடுதான் விற்பனை. நான் பழக்கூடைப் படத்தை அனுப்பிப் பணம் கேட்டபோது, பட்டியல் வரியில் பொய்யே இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். ஆகவே பதிவு செய்யும் முன்பே நிபந்தனைப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள், தவறான விவரத்துக்குத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்று தேடுங்கள். சிலர் எடுப்பார்கள்.

இன்வாய்ஸ், கண்டிஷன் ரிப்போர்ட் மின்னஞ்சல், ஏலப் பட்டியல் பக்கம், உங்கள் படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் தனியாகச் சேர்க்கும்போது இவை எல்லாம் கேட்பார்கள். விலை அதிகம் என்றால் எழுத்துப்பூர்வ மதிப்பீடும் கேட்பார்கள். மதிப்பீட்டாளர் பொருளின் விலையில் சதவீதம் கேட்டால் அவர் வேண்டாம், மணிக்கணக்கில் வாங்குபவரைப் பிடியுங்கள்.

11. வீட்டுக்குக் கொண்டுவருவது

காரில் பின்இருக்கை மடங்கினால் நீங்களே போய் எடுங்கள். பார்சலில் அனுப்பினால் எடைக்குப் பதில் அளவுக்குப் பணம் வாங்குவார்கள். 22, 22, 38 அங்குலப் பெட்டியைப் பெருக்கி 139ஆல் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 133 பவுண்டு என்று கணக்காகும். உள்ளே இருக்கும் நாற்காலியோ பத்துப் பன்னிரண்டு பவுண்டுதான். ஏல நிறுவனங்களுக்காகவே வண்டி ஓட்டும் சிறு நிறுவனங்கள் உண்டு, பட்டியலைக் கேட்டால் தருவார்கள். மெதுவாக வரும், இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், ஆனால் பெட்டியில் அடைக்காமல் போர்வை சுற்றிக் கொண்டுவருவார்கள். நீங்கள் எடுக்கத் தாமதித்தால் ஏலக்கூடம் நாள்வாடகை போடும். அந்தத் தேதியை இன்வாய்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: பபிள் ரேப்பை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றக் கூடாது. சூட்டில் அந்தக் குமிழ்கள் வார்னிஷில் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் அமிலமில்லாத மெல்லிய காகிதம், அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் சுற்றலாம்.

12. வந்த பிறகு

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தை 1978இல்தான் தடைசெய்தார்கள். தவழும், வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் இந்த நாற்காலி அந்த அறையில் இருக்கக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். உதிர்ந்த துகளை ஈரத் துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

வெயில் படும் ஜன்னல், ஹீட்டர் இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் மிகவும் குறையும், மரம் சுருங்கி வண்ணம் தூக்கிக்கொள்ளும். அறையில் 40 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க ஒரு ஹியூமிடிஃபையர் போதும். தூசிக்கு மென்மையான தூரிகை. எண்ணெய், பாலிஷ், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். கால் ஆடினால் கடையில் விற்கும் மரப்பசையை ஊற்றாதீர்கள். முன்பு போட்டது வஜ்ஜிரப் பசை, அது பின்னால் கழற்றிச் சேர்க்க இடம் கொடுக்கும். வண்ணம் உதிர்ந்தால் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஃபார் கன்சர்வேஷன் தளத்தில் ஊர்வாரியாகக் கன்சர்வேட்டர்களைத் தேடலாம். நான் போனவரிடம் மதிப்பீட்டுக்கு மூன்று வாரம், வேலைக்கு மூன்று மாதம் ஆனது.

ஹாரிசனைத் துடைத்துவிட்டுப் பழக்கூடையை வெளியே கொண்டுவரலாமா என்று அவரிடம் கேட்டேன். முகத்தைக் கரைப்பது எதுவோ அதுவே அடியில் இருக்கும் உலோகப் பொடியையும் கொண்டுபோய்விடும் என்றார். விட்டுவிட்டேன். இருக்கைக்கு அடியில், கட்டையில், பருத்தி நாடாவால் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன். நீங்களும் கட்டுங்கள்; பென்சிலில் எழுதுங்கள், மை கசியும். என் அட்டையில் இருப்பது: “நாற்காலி 1830கள். அச்சுத்தகட்டுப் பழக்கூடை அதே காலம், படத்துக்கு அடியில் இருக்கிறது. ஹாரிசன் உருவப்படம் 20ஆம் நூற்றாண்டு, வெள்ளையில் டைட்டானியம். கோரை மாற்றப்பட்டது.” ஆங்கிலத்திலும் எழுதி அதன் பின்பக்கம் வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குபவர் யாராக இருந்தாலும் படிக்கும்படி.